நிஸ்றா கேட்கும் தேத்தண்ணி

எந்த வீட்டுக்குப் போனாலும் நிஸ்றா முதலில் தேத்தண்ணிதான் கேட்கிறார். அதுவும் "இஞ்சி தட்டிப் போட்டு" என்று வேலை வைத்தே கேட்கிறார். உண்மையில் அவருக்குத் தேநீரே பிடிக்காது. காத்தான்குடியில் தன் வீட்டில் அவர் குடிப்பது வெந்நீர். நோயாளியின் மனைவி குசினியில் இருக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் அவருக்கு வேண்டும்.

மூளையில் இரத்தம் கசிந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே ஒரு குழாய் இரத்தம் எடுப்பது இவர் வேலை. அது ஐஸ் பெட்டியில் கொழும்புக்குப் போகும். புரதத்தின் சின்னக் கூறுகளான அமினோ அமிலங்கள் அதில் எவ்வளவு கூடியிருக்கின்றன, குறைந்திருக்கின்றன என்று பார்த்து, யார் தேறுவார் என்று அன்றைக்கே சொல்ல முடியுமா என்பது ஆய்வு. மூன்று மாதம் கழித்து வீடு தேடிப் போய், ஆள் எவ்வளவு தேறினார் என்று இலக்கம் போடுவதும் இவர்தான். இரத்தம் என்ன சொன்னது என்பதை மட்டும் இவருக்குச் சொல்லமாட்டார்கள். "சொன்னா என்ட கண்ணு அதத்தானே தேடும்" என்கிறார். அவருக்கு அதில் வருத்தமில்லை. ஒரு நாள் அவரோடு கூடப்போன எனக்குத்தான் பொறுக்கவில்லை.

நாலு என்றால் நடக்கப் பிறர் கை வேண்டும். மூன்று என்றால் ஆள் தானே நடப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் நிஸ்றாவுக்கு, முடியாது என்பதற்கு இங்கே சொல்லும் 'ஏலாது' என்ற சொல்லோடு தீராத சண்டை.

"எல்லா ஊட்டுலயும் ஏலாதுண்டுதான் சொல்வாங்க. ஏலாதா, செய்ய உடுறல்லையாண்டு ஆருக்குத் தெரியும்?"

தன் வாப்பா இதே நோயில் விழுந்தபோது இரண்டு வருடம் சோறு ஊட்டியவர் இவர். "அவருக்குக் கை ஏலுமாண்டு நான் பாக்கவே இல்ல." இதைச் சொன்னபோது மட்டும் அவர் ஓட்டிய ஸ்கூட்டர் மெதுவாகப் போனது. அதற்கு முன் வலையிறவுப் பாலத்தில் அவர் போன வேகத்தில், என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருந்த எனக்கு, ஊர் திரும்பும் நம்பிக்கையே இருக்கவில்லை.

வவுணதீவில் கோணாமலையின் வீடு. மூன்று மாதத்துக்கு முன், விதைப்பு நேரத்தில், வயல் வரம்பிலேயே விழுந்தவர். நாங்கள் போனபோது மனைவி அன்னப்பூரணி அவருடைய சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் தனிய நடப்பாரா அக்கா?"

"ஏலாது புள்ள. நான் பிடிச்சாத்தான்."

கோணாமலை தரையைப் பார்த்தார். அந்த மனிதரை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நிஸ்றாவின் பேனா படிவத்தில் நாலு என்ற இலக்கத்தின் மேல் வந்து நின்றது. அப்போதுதான் அவர் தேத்தண்ணி கேட்டார்.

குசினியில் இஞ்சி தட்டும் சத்தம் கேட்டதும் மெல்ல வயல் பேச்சை ஆரம்பித்தார்.

"வட்டையில இப்ப என்ன அண்ணன்?"

"கதிர்..." சொல் மெதுவாக வந்தது. "கதிர் வந்திரிக்கும். நான் காணல்ல."

நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார். வலது கால் இழுபட்டது. எதையும் பிடிக்காமல் ஐந்து எட்டு எடுத்து வைத்து வாசல் நிலையைத் தொட்டார். வெளியே வயல் மஞ்சள் கட்டத் தொடங்கியிருந்தது. என் கண் நிறைந்துவிட்டது. நிஸ்றா எட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

தட்டோடு வந்த அன்னப்பூரணி பதறிப்போனார். அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், கையில் தட்டு. அதை எங்கே வைப்பது என்று தேடினார். கோணாமலை இன்னும் தானாகவே நாற்காலிக்குத் திரும்பி வரவேண்டியிருந்தது. நிஸ்றா குறுக்கே போய் நின்று, கோப்பையை எடுத்து, சூடு ஆற்றாமல் இரண்டே மடக்கில் குடித்துவிட்டு, வெறுங்கோப்பையைத் தட்டிலேயே வைத்தார்.

"இன்னொண்டு தாங்க அக்கா."

அன்னப்பூரணி கணவனைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். பிறகு தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் குசினிக்குப் போனார்.