வள்ளிக்காக நான் மாற்றிக் கட்டிய நேர்த்தி

கதிர்காமத்தானை நம்பியிருக்கும் என் சொந்தங்களே, நான் ஒரு வாயாடி. தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஐந்து நிமிடத்துக்குள் பத்துப் பேரைச் சிரிக்க வைத்துவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் ஒன்றரை வருடத்துக்கு மேல் என் வீட்டுக்குள் ஒரு வார்த்தை பேசாமல் கிடந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் மகள் வள்ளி பிறந்தாள். வாயைத் திறந்தால் மேலண்ணம் பிளந்திருந்தது. குடித்த பால் மூக்கு வழியாக வரும். என் மனைவி பாக்கியம் சங்கில் சொட்டுச் சொட்டாக ஊற்றுவாள். பிள்ளையும் அழும், அவளும் அழுவாள். "கிரகணத்துல வெளிய போயிருப்பா" என்று லயத்து வரிசை வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அவள் போகவே இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

கொஞ்சம் வளர்ந்ததும் ஆபரேசன் செய்யலாம் என்றார்கள் டாக்டர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆடியில் கதிர்காமத்துக்கு நடந்தேன். மாணிக்க கங்கையில் முங்கி எழுந்து, "முருகா, என்கிட்ட இருக்கிறது இந்த வாய் ஒன்னுதான். அத எடுத்துக்க. எம்புள்ளைக்குப் பேச்சக் குடு" என்று அழுதேன். கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டேன். வேலைத்தலத்தில் பேசாமல் முடியாது. அதனால் வீட்டு வாசல் மிதித்தால் மௌனம், பிள்ளை பேசும்வரை.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. பால் மூக்கில் வருவது நின்றது. நேர்த்தி பலிக்கிறது என்று வாயை இன்னும் இறுக்கிப் பூட்டினேன்.

ஆனால் இரண்டு வயது தாண்டியும் வள்ளிக்கு ஒரு சொல் வரவில்லை. விரலைக் காட்டுவாள், சேலையை இழுப்பாள், 'ம்' என்று முனகுவாள். அவ்வளவுதான். பாக்கியம் இயல்பாகவே பேச்சுக் குறைந்தவள். கொழுந்துக்கூடையை இறக்கிவிட்டு வந்தால் சோறாக்கத்தான் தெம்பிருக்கும். அந்தியில் பனி கதவு வழியாக எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வந்துவிடும். விறகு வெடிப்பதைத் தவிர வேறு சத்தமில்லை. அந்த வெள்ளைக்குள் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று பேரும் தண்ணீருக்கடியில் இருப்பது போல இருக்கும்.

பதுளை ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனோம். அங்கே ஒரு நர்ஸ் மிஸ்ஸி, "வீட்டுல புள்ளையோட யாரு பேசுறது?" என்று கேட்டார். பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். நான் காப்பைக் காட்டிப் பெருமையாக விசயத்தைச் சொன்னேன்.

மிஸ்ஸி சிரிக்கவில்லை. "அண்ணத்த டாக்டர் தச்சிட்டாரு. பேச்சத் தச்சு விட முடியாதுங்க. அது காதால போய்த்தான் வாயால வரணும்" என்றார். படம் போட்ட பழைய பாலர் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். "தினம் மடியில வச்சு வாசிங்க. படத்தத் தொட்டுக் காட்டிப் பேரச் சொல்லுங்க. அப்புறம் நிறுத்தி, அவ முகத்தப் பாத்துக் காத்திருங்க. தப்பாச் சொன்னா ஏசாதீங்க. நீங்க சரியாச் சொன்னாப் போதும்."

நேர்த்தியை முறித்தால் சாமி கொடுத்ததையும் எடுத்துக்கொண்டால்? பஸ் ஹாலிஎல ஊரைத் தாண்டும்வரை கைக்காப்பையே திருகிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பாக்கியம் வெடித்தாள். வாயில்லாப் பூச்சி என்று நான் கேலி செய்கிற பாக்கியம்!

"சாமிக்கு எதுக்குங்க ஒங்க வாயி? அவரு கேட்டாரா? தோட்டத்துக்கே பேச்சு, எம்புள்ளைக்கு மட்டும் பூட்டா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

இறங்கியதும் தோட்டத்துக் கோயிலுக்குப் போனேன். "முருகா, நேர்த்திய முறிக்கல. மாத்திக் கட்டுறேன். பேசாம கெடந்த நேரத்துல இனிமே வாசிக்கிறேன். தப்புன்னா என்னத் தண்டி, புள்ளைய விட்டுரு." காப்பை அவிழ்க்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மெல்லப் போனால்தானே பிள்ளைக்குப் பிடிபடும், அதுவும் நல்லதாகவே போனது. முதல் நாள் என் குரல் கேட்டதும் வள்ளி மிரண்டு, என் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். நினைவு தெரிந்து வீட்டுக்குள் அவள் கேட்டறியாத குரல்.

பசு, பூனை, குடை, ரயில். விளக்கொளியில் படங்கள் மெல்ல அசையும். பனிக்குள் அந்தப் பசு எங்கள் வாசலில் வந்து நிற்கிறதோ என்று எனக்கே தோன்றும். எங்கோ மலையைச் சுற்றி வரும் ரயில் கூவும்போது, பிள்ளை படத்தில் இருக்கும் ரயிலைத் தடவுவாள். நான் காத்திருப்பேன். மௌனமாவது பரவாயில்லை, வாயாடிக்குக் காத்திருப்பதுதான் கஷ்டம். பூனையை 'மூனை' என்றாள். "பூனை" என்றேன், ஏசாமல்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் அந்தியில் களைத்துப்போய், பாதிப் பக்கத்தில் கண் சொருகிவிட்டேன். ஒரு சின்னக் கை என் தாடையைப் பிடித்து ஆட்டியது.

"அப்பா. படி."

மூக்கில் கொஞ்சம் காற்றுப் போனது. ஆனாலும் 'அப்பா' என்றுதான் சொன்னாள். கனவோ என்று பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் அடுப்பு முன்னால் கைகூப்பி நின்று அழுதுகொண்டிருந்தாள்.

பேச்சு வரும்வரை என்றுதான் வேண்டியிருந்தேன். அன்றைக்கே காப்பை அவிழ்த்திருக்கலாம். மகள் விடவில்லையே, மறுநாளும் 'படி' என்றாள். இப்போது அவள் பள்ளிக்கூடத்துப் பாடத்தை வாசிக்கிறாள், பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிறாள். என் வாயை நான் கொடுத்தேன், முருகன் மூன்று வாயாகத் திருப்பித் தந்தான்.

அவனிடம் எதையும் கேளுங்கள், தருவான். ஆனால் பிள்ளைக்குரியதை எடுத்துச் சாமிக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் லயத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஒளித்து வைக்காமல் எங்கள் காம்பராவுக்குக் கூட்டி வாருங்கள். புத்தகம் கிழிந்துவிட்டது, பசுவுக்கு வால் இல்லை. என் வாய் இருக்கிறது.