தேவாங்கும் வெள்ளை ஈயும்

என் மனைவிக்கு ஆனைமலை அடிவாரக் காடுகளில் தேவாங்குகளைத் தேடிக் கணக்கெடுக்கிற வேலை. நான் தென்னந்தோப்புகளில் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்த விவசாயிகளுக்கு வழி சொல்பவன். வீட்டுக்கு வருகிற எவரும் இதுவரை என்னிடம் வெள்ளை ஈயின் படத்தைக் காட்டச் சொன்னதில்லை.

போன வருடம் மகளின் பள்ளியில், ஏதாவது இரண்டு உயிர்களை ஒப்பிட்டு மேடையில் பேசச் சொன்னார்கள். அவள் எங்கள் இருவருடையதையும் எடுத்துக்கொண்டாள். அட்டை முழுக்கத் தேவாங்கை வரைந்தாள், பெரிய பெரிய கண்களோடு. மூலையில் கொஞ்சம் வெள்ளைப் புள்ளிகள். அவைதான் என்னுடையவை.

எனக்குச் சுருக்கென்றது. தோப்பிலிருந்து ஒரு கீற்றைக் கொண்டுவந்து, அடிப்பக்கத்தை லென்ஸில் காட்டினேன். கோலம் போட்டதுபோல் சுருள் சுருளாக முட்டைகள்.

"நல்லாத்தானுங்கப்பா இருக்குது. ஆனா இதுக்குக் கண்ணே தெரியலையே!" என்றாள்.

மேடையில் நன்றாகவே பேசினாள். கடைசியில், "எங்கம்மாவோட தேவாங்கு பூச்சியெல்லாம் தின்னுபோடும். எங்கப்பாவோட பூச்சி தென்னமரத்துச் சாறெல்லாம் உறிஞ்சிபோடும்" என்று முடித்தாள். அரங்கமே சிரித்தது. ஏதோ நான்தான் அதை வளர்த்துவிட்டதைப் போல!

நிகழ்ச்சி முடிந்ததும், தேவாங்குப் படம் பார்க்க மனைவியின் செல்போனைச் சுற்றிக் கூட்டம். எனக்குத் தெரிந்த தென்னை விவசாயி ஒருவர் என்னை நோக்கி வந்தார். தோப்பைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன்.

"ஏனுங்க சார், உங்கூட்டு அம்மணிகிட்டச் சொல்லி எங்களையும் ஒருக்கா காட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்களேன்."

காரில் வீடு திரும்பினோம்.

"ஏனுங்க, உம்முனு வாரீங்க? பொறாமைங்களா?" என்றாள் மனைவி.

"எனக்கென்ன பொறாமை, போயும் போயும் ஒரு கொரங்கு மேல?"

"கொரங்கில்லீங்க, தேவாங்கு."

அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று, அடுத்த வாரம் அவளோடு நானும் போனேன். பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கியதும், ஒரு முட்புதர் அருகே சிவப்பு விளக்கை உயர்த்தினாள். கிளையில் இரண்டு கனல்கள். குச்சி போன்ற கைகால்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து அது நகர்ந்தது. அவள் மூச்சுவிடாமல் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட அவள் என்னை இப்படிப் பார்க்கவில்லை.

அது இலைகளுக்குள் மறைந்ததும் கையை விட்டுவிட்டாள்.

"பாத்தீங்களா? எத்தனை அழகு!"

"பாத்தேன்."

"அடுத்த வாரமும் வாரீங்களா?"

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும், "வாரேன்" என்றேன்.