செனட்டர் வீட்டுச் சமையலறையில்

சனிக்கிழமை வந்தால் வினிஃப்ரெட் ஹாஸ்கெல்லுக்குத் தலைகால் புரியாது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் அந்தக் காலத்துச் செனட்டர் ஒருவர் குடியிருந்த வீட்டை ஊர்க்காரர்கள் அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவது அவள் வேலை. சம்பளம் கிடையாது. நீளப் பாவாடையும் பூத்தொப்பியுமாகச் செனட்டர் மனைவி வேஷம் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

அந்த வாரம் ஒடெஸாவை அழைத்திருந்தாள். வினிஃப்ரெட்டின் கணவர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது கடைசிவரை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட கறுப்பின நர்ஸ். அவர் சாவுக்குப் பிறகு போக்குவரத்து நின்றுபோயிருந்தது. அவளைச் சிநேகிதியாக்கிக்கொள்ள வினிஃப்ரெட்டுக்குக் கொள்ளை ஆசை. சுற்றிப் பார்த்து முடித்ததும் வீட்டில் காபியும் பீச் பழக் கேக்கும் என்று திட்டம்.

சமையலறையில் வழக்கமான கூத்து ஒன்று உண்டு. கூட்டத்தில் ஒருவரைச் சமையற்காரியாக அடுப்படியில் நிறுத்திவிட்டு, மற்றவர்களோடு மேலே சாப்பாட்டு அறைக்குப் போய் வினிஃப்ரெட் அழைப்பு மணியை இழுப்பாள். கீழே இருப்பவர் மூச்சிரைக்க ஓடிவர வேண்டும். அன்று அவள் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ, பேச்சுவாக்கில் சமையற்காரி கட்டும் ஏப்ரனை எடுத்து ஒடெஸாவின் கையில் கொடுத்துவிட்டு மாடியேறினாள்.

மணியை இழுத்தாள். யாரும் வரவில்லை. "சம்பளத்துல பிடிச்சாத்தான் இவளுக்குப் புத்தி வரும்" என்று வழக்கமான வசனத்தையும் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தில் கறுப்பு முகம் ஒடெஸாவுடையது ஒன்றுதான்.

கீழே இறங்கிப் போனாள். ஏப்ரனை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு ஒடெஸா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இத்தனை பேர் நின்னாங்களே. ஏன் என் கையில குடுத்தீங்க?"

"நீதான் பக்கத்துல நின்னே."

பச்சைப் பொய். பக்கத்தில் நின்றவர் ஒரு ரிட்டயரான பேங்க் மேனேஜர். ஒடெஸா கதவோரமாக நின்றிருந்தாள். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"வேணும்னு செய்யலை, ஒடெஸா."

"தெரியும். யோசிச்சிருந்தா செஞ்சிருக்க மாட்டீங்க. யோசிக்காம கை என்கிட்டத்தான் வந்துச்சு."

காபிக்கு வரச்சொல்லி வினிஃப்ரெட் தட்டுத்தடுமாறிக் கேட்டாள். ஒடெஸா கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"இன்னொரு நாள் பாக்கலாம், மிஸஸ் ஹாஸ்கெல்."

கணவரைக் குளிப்பாட்டித் துடைத்த அத்தனை மாதமும் அவள் அப்படித்தான் கூப்பிட்டாள். 'பேர் சொல்லி வின்னின்னே கூப்பிடு' என்று ஒரு நாளாவது சொல்லத் தோன்றவில்லையே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். இன்றைக்குச் சொன்னால் கூலி கொடுத்து அனுப்புவது போலத்தான் இருக்கும். மூடிக்கொண்டாள்.