பெல்ட்டில் தீட்டிய சவரக்கத்தி

மழையில் தேயிலை மலையில் வழுக்கி விழுந்து என் கணவர் வலது கையை முறித்துக்கொண்டார். தாடி அரித்தது. "நீயே வழிச்சு விடு புள்ள," என்றார்.

அவருடையது மடக்குக் கத்தி. முதலில் அதைத் தோல்பட்டையில் தீட்ட வேண்டும். அதற்கு அவருடைய இடுப்பு பெல்ட்தான். குடித்துவிட்டு வரும் நாட்களில் என் முதுகும் அந்தப் பெல்ட்டை அறியும். அதைக் கதவு ஆணியில் மாட்டி இழுத்துப் பிடித்தேன். கூர்ப்பக்கத்தை முன்னால் தள்ளிவிட்டேன். பெல்ட் பாதி அறுந்தது.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "கத்தியோட முதுகுதான் முன்னுக்குப் போகணும். திருப்பித் தீட்டு," என்றார் மெதுவாக.

வெந்நீர்த் துணியால் தாடியை ஊறவைத்து, சோப்பு நுரை பூசி, தோலை இழுத்துப் பிடித்து வழித்தேன். கழுத்துக்கு வந்ததும் அவர் தொண்டை துடித்தது.

"பயமா இருக்குங்களா?"

"ஆமா."

இத்தனை வருடமும் எனக்கு அப்படித்தான் இருந்தது என்று வாய் வரை வந்தது. கீறல் விழாமல் முடித்தேன்.

கை கூடிய பிறகும் நான்தான் வழித்துவிடுகிறேன். கத்தியைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசி எடுத்துவைப்பதும் நான்தான். பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை, இருவருக்கும். அறுந்த பெல்ட் கதவு ஆணியில் தொங்குகிறது. இப்போது அது கத்தி தீட்ட மட்டும்தான்.