ஒரு பிரிஜ்ஜில் ஐந்து பால்

அக்கா கொவென்ட்ரிக்குப் படிக்கப் போனபோது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் நடப்பதெல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியவேண்டும் என்று நினைக்கிற வயது. ஆனால் அந்த விஷயம் மட்டும் எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. லண்டனில், தோர்ன்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் பஸ் ஏறினால் போய்ச்சேரக்கூடிய பல்கலைக்கழகங்கள் எத்தனையோ இருந்தன. அதிலொன்று அவளை வரச்சொல்லிக் கடிதமும் போட்டிருந்தது. அதை விட்டுவிட்டு, பேருக்கு ஒரு சொந்தக்காரர்கூட இல்லாத ஊரைத்தான் அவள் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கே அறை வாடகை மலிவு, வகுப்புக்கு நடந்தே போகலாம், ஊர் லண்டன் மாதிரிப் பெரிதுமில்லை, ஒரேயடியாகச் சின்னதுமில்லை என்று அப்பாவுக்கு ஒரு கிழமை முழுக்கப் பாடம் நடத்தினாள். அப்பா அரை மனதோடு தலையாட்டினார். டிசம்பரில் நத்தார் லீவு வரைக்கும் பார்ப்பது, சரிவராவிட்டால் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்பது அவர் போட்ட நிபந்தனை.

அக்கா போனபிறகு வீடு தலைகீழாகிவிட்டது. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை, அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில். என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவது, தலை இழுத்துப் பின்னிவிடுவது, கவுன்சிலுக்கு போன் எடுப்பது, அம்மாவின் முழங்கால் நோவை டொக்டருக்கு எடுத்துச்சொல்வது எல்லாம் அதுவரை அக்காதான். அதெல்லாம் வேலை என்று யாரும் நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை. இப்போது அப்பா, வந்த இங்கிலீஷ் கடிதங்களை உடைக்காமலே ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் கொளுவிவைத்தார். எனக்கு அறை தனியே கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் அதைப் பெரிய பெருமையாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு லீவு கிடைத்தது. போன் எடுத்துச் சொல்லிவிட்டுப் போவோமா என்று அப்பா கேட்டார். பெற்ற பிள்ளையைப் பார்க்க அப்பொயின்ட்மென்ட் எடுக்கவேண்டுமா என்று அம்மா திருப்பிக் கேட்டார். ஐஸ்கிறீம் டப்பாக்களில் கணவாய்க்கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும், ஒரு பை நிறைய இடியப்பமுமாகக் கார் நிறைந்தது. அப்பா அந்தக் கடிதப் பையையும் கவனமாகத் தூக்கி ஏற்றினார்.

அக்கா இருந்தது ஒரு மாணவர் வீடு; ஐந்து பெண்பிள்ளைகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்தது. கதவைத் திறந்தவள் செம்பட்டைத் தலைமயிரும் குளியல் அங்கியுமாக நின்றாள். அப்போது மதியம் பன்னிரண்டரை. அக்கா லைப்ரரிக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். அம்மா அவளுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு நேரே குசினிக்குள் நுழைந்தார். கறி வைப்பதற்காகப் பிரிஜ்ஜைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஐந்து தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பால், ஒரு பட்டர், கொஞ்சம் முட்டை. எல்லாவற்றிலும் பேனையால் எழுதிய பெயர்கள். இரண்டாவது தட்டில் அக்காவின் பெயர்.

"ஒரு வீட்டுக்குள்ள அஞ்சு பாலோ?" என்றார் அம்மா.

இந்தப் பிள்ளைகள் சண்டைபிடித்திருக்கிறார்கள் என்று அவர் உடனே முடிவுகட்டினார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. நானும் அக்காவும் சண்டைபிடித்த நாட்களில் மேசையைக்கூட நடுவில் கோடுபோட்டுப் பிரித்திருக்கிறோம். சமாதானம் செய்துவைக்க அம்மாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இருந்ததிலேயே பெரிய சட்டியை எடுத்து, ஐந்து பாலையும் ஒன்றாக ஊற்றி, ஏலக்காய் தட்டிப்போட்டு எல்லோருக்கும் தேத்தண்ணி வைத்தார். பட்டர்களையெல்லாம் ஒரு தட்டிலும் முட்டைகளையெல்லாம் இன்னொரு தட்டிலும் மாற்றி அடுக்கினார். இப்போதுதான் வீடு மாதிரி இருக்கிறது என்று எனக்குச் சொன்னார்.

செம்பட்டைத் தலைக்காரி இரண்டு கோப்பை குடித்தாள். மாடியிலிருந்து இறங்கிவந்த கண்ணாடிக்காரி மட்டும் தன்னுடைய வெறும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஓட்ஸில் பிழிந்த பாலாம். அவளுக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாதாம். பரவாயில்லை என்று மிக மென்மையாகச் சொன்னாள். நல்ல பிள்ளை என்று அம்மா அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றிக்கொடுத்தார்.

அந்த நேரம்தான் அக்கா உள்ளே வந்தாள். காதில் மாட்டியிருந்ததில் எதையோ கேட்டுத் தனக்குள் சிரித்தபடி வந்தவள், எங்களைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். தலைமயிரைத் தோள்மட்டத்துக்கு வெட்டியிருந்தாள். ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். தேத்தண்ணி கொடுத்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்பார்களா என்று எனக்குக் கோபமாக வந்தது. அவள் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அப்பா பையை நீட்டி, அவசரமானது ஏதும் இருக்கிறதா என்று ஒருதரம் பார்க்கச் சொன்னார். அவள் குசினி மேசைக்கு முன்னால் கோட்டோடு உட்கார்ந்து கடிதங்களை ஒவ்வொன்றாக உடைத்து வாசித்தாள். அது முடிந்ததும் அம்மா தொடங்கினார்.

"காய்ச்சல் எண்டு படுத்தால் ஒரு வாய் தேத்தண்ணி தர ஆளில்லாத வீடு. பேர் எழுதிப் பால் குடிக்கிற பிள்ளையளோட நீ இருக்க வேண்டாம். வெளிக்கிடு."

அக்கா சத்தம் போடவில்லை. "அம்மா, அதுதான் எனக்கு இஞ்ச பிடிச்சிருக்குது. அந்த ஒரு தட்டு மட்டும்தான் என்ர பொறுப்பு."

அம்மா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். ஒரு தட்டுக்கு யாராவது இப்படி ஆசைப்படுவார்களா? அப்பா கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். அவருக்கு அம்மாவையும் மறுக்க ஏலாது, அக்காவையும் மறுக்க ஏலாது. வீட்டுச் செல்லம் நான்தானே, என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்லுறாய், சின்னன்? அக்கா இருக்கட்டோ, வரட்டோ?"

அக்கா என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் அதைக் கண்டேன். காணவில்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல ஏலாது.

"வரட்டும். எனக்குத் தலை பின்ன ஆளில்லை" என்றேன்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். பிள்ளை ஏங்கிப்போயிற்று என்று அப்பா சொன்னபோது அவருடைய குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதற்குப் பிறகு அக்கா ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை. ஒரு கிழமை பாடம் நடத்தி அப்பாவையே மடக்கியவள், என்னுடைய ஒரு சொல்லுக்கு ஏன் இப்படி அடங்கிப்போனாள் என்பது எனக்குப் பெரிய புதிராக இருந்தது. உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது.

அந்தத் தவணை முடியட்டும் என்று விட்டுவிட்டு, நத்தார் லீவுக்கு அப்பா போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்தார். அடுத்த வருடம் பஸ்ஸில் போய்வரக்கூடிய பல்கலைக்கழகத்தில் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவதாக முடிவாயிற்று. அலுமாரியில் பாதியை நான் அவளுக்காகக் காலிசெய்து வைத்திருந்தேன். அக்கா பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். அடுத்தநாள் காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டாள், டொக்டருக்கு போன் எடுத்தாள். எல்லாம் பழையபடி சரியாகிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டி மட்டும் தைப்பொங்கல் முடிந்தும் பூட்டு திறக்காமல் அங்கேயே கிடந்தது. உடுப்புகளை எடுத்து அலுமாரியில் அடுக்கச் சொல்லி நாலைந்து தடவை சொல்லிப்பார்த்தேன். பிறகு அடுக்குகிறேன் என்றாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் குசினிக்கு ஓடிப்போய், அக்கா கொவென்ட்ரிக்குப் போய் நல்ல சோம்பேறியாகி வந்திருக்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லிக்கொடுத்தேன்.