கடைசி அறையில் ஒட்டாத நான்கு லேபல்கள்

புதன்கிழமை காலை கலஹாவில் பஸ்ஸுக்காக நின்றபோது புஷ்பராணி அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. டெங்குக் காய்ச்சலால் ஐந்து நாட்களாக அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். முந்தின நாள் கஞ்சி குடித்தார் என்று கேள்விப்பட்டிருந்ததால், "அக்கா, எப்ப வர்றீங்க? பேராதனை டீச்சர் வீட்டுல ரெண்டு லைட்டு இன்னும் கெடக்கு" என்று நானே பேச்சைத் தொடங்கினேன். மறுபக்கம் கேட்டது அவருடைய தம்பியின் குரல்.

"தங்கச்சி, அக்கா இல்லம்மா. விடியக்கால போயிட்டாங்க."

நான் "சரி" என்றேன். பஸ் வந்தது, டியூப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறாமல் நின்றேன்.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் இந்த நினைவு மலரில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி தம்பி கேட்டார். "அக்காவுக்கு எழுத்து வேலையெல்லாம் நீதானே பார்த்த" என்றார். அக்காவைத் தெரிந்த உங்கள் முன்னால் அவரைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது என்னுடைய இன்னொரு பொய்யாகிவிடும். பாடசாலையில் டியூப் வெடித்த கதை உங்களுக்குத் தெரியும். அந்தப் பழி அக்காவுடையது அல்ல. என்னுடையது.

அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் விழுந்து கால் முறிந்த வருடம், பத்தாம் தரத்தோடு நான் படிப்பை விட்டேன். எங்கள் லயத்து வீடுகளுக்கு மேல் வரிசையில் இருந்த அக்கா ஒருநாள் வந்து அம்மாவிடம், "இந்தப் புள்ளய என்கூட அனுப்புங்க. வாயே தொறக்காதாம்ல, நல்லதாப் போச்சு. நான் பேசுறதுக்கு எடம் கெடைக்கும்" என்றார். அப்படித்தான் சேர்ந்தேன். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். கொழும்பில் கட்டட வேலைகளில் வயர் இழுத்துப் பழகியவர். கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் எழுத வராது.

எங்கள் வேலையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய டியூப் லைட்டின் சட்டத்தைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் எடுத்துவிட்டு, கரண்ட் நேராக ஒரு முனைக்கு வரும்படி வயரை மாற்றி, அதில் எல்.ஈ.டி. டியூப்பைப் போடலாம். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. தெரியாமல் ஒருவர் பழைய டியூப்பை அங்கே செருகினால், கரண்டை மட்டுப்படுத்த உள்ளே சோக் இல்லை. டியூப்பின் முனை வெடித்துவிடும். அதனால் மாற்றிய ஒவ்வொரு சட்டத்திலும் "எல்.ஈ.டி. மட்டும். பழைய டியூப் போட வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுவோம். எழுதுவதும் ஒட்டுவதும் என் வேலை. "வயர் என்னோடது, எழுத்து உன்னோடது" என்பார் அக்கா. லேபலின் கீழே "வயர், புஷ்பராணி" என்று எழுதுவேன். "உன் பேரையும் போடேன்டி, யாரு அடிக்கப் போறா?" என்று எத்தனையோ தடவை கேட்டார். கூச்சத்தில் ஒரு தடவைகூடப் போடவில்லை.

அக்காவுக்குக் கூச்சம் என்பதே கிடையாது. பேராதனை டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். முதல்நாள் எங்களைப் பார்த்துவிட்டு, "ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையே?" என்று கேட்டார். அக்கா ஏணியை விரித்தபடியே, "இருட்டுல ஆம்பள பொம்பள தெரியாது டீச்சர். லைட்ட மாத்தித் தர்றேன், பொறகு நல்லாப் பாத்துக்கங்க" என்றார். டீச்சர் சிரித்துக்கொண்டே தேநீர் போடப் போனார். கால்சட்டையும் ஆண்கள் போடும் சேட்டும், இடுப்பில் குறடு தொங்கும் பட்டியும், அந்த உரத்த குரலும் சேர்ந்ததுதான் அக்கா. எனக்கு அவரைப் பிடிக்கும். பிறர் பார்க்கும்போது மட்டும் இரண்டடி தள்ளி நடப்பேன்.

போன வருடம் நான் படித்த பாடசாலையிலேயே வேலை கிடைத்தது. கடைசி அறை பதினோராம் தரம். நான் போகாமல் விட்ட வகுப்பு. வகுப்பு மணியடிக்கும் முன்பே அக்கா வயர் வேலையை முடித்துவிட்டார். என் லேபல்கள்தான் இன்னும் தயாராகவில்லை. "வகுப்பு டீச்சர்கிட்ட கேட்டுட்டேன். ஏணியக் கொண்டுபோயி ஒட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்து செய்ய வேண்டிய மற்றக் கட்டடத்தைப் பார்க்கப் போனார். லேபல்களை எழுதி முடித்து, சுவரில் சாய்த்திருந்த ஏணியை எடுக்கப் போகையில், என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த தர்ஷினி அந்த வகுப்பிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏய், நீயா? என்ன இந்தப் பக்கம்? அந்தக் கால்சட்ட போட்ட பொம்பளகூடவா வந்த?"

"இல்ல. சர்டிபிகேட் எடுக்க வந்தேன்."

அப்படிச் சொன்ன பிறகு எப்படி ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்த வகுப்புக்குள் போவது? நான்கு லேபல்களையும் பைக்குள் வைத்துவிட்டு, அவள் உள்ளே போகும்வரை தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். திரும்பி வந்த அக்கா கேட்டார்: "ஒட்டிட்டியா?" "ஒட்டிட்டேன்" என்றேன். அவர் போய்ப் பார்க்கவில்லை. என்னை நம்பினார்.

மூன்று வாரம் கழித்து அந்த அறையில் ஒரு டியூப் பந்து பட்டு உடைந்தது. காவலாளி மாமா ஸ்டோரில் கிடந்த பழைய டியூப்பைக் கொண்டுவந்து போட்டார். அவர் டியூப்பிலிருந்து கையை எடுக்கும் முன் கீழே ஒருவர் சுவிட்சைப் போட, அது வெடித்து, கண்ணாடி அவர் கட்டைவிரலைக் கிழித்தது. பாடசாலை அதிபர் எங்களைக் கூப்பிட்டு, மற்ற மூன்று சட்டங்களையும் காட்டி, "ஒன்றிலாவது லேபல் இருக்கா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் சேர் பாக்காம விட்டுட்டேன். என் தப்பு" என்றார் அக்கா.

அதிபர் எங்களை அப்போதே அனுப்பிவிட்டதால் லேபல்கள் ஒட்டப்படாமலே இருந்தன, மற்றக் கட்டடத்து வேலையும் வேறு ஒருவருக்குப் போனது. திரும்பும் பஸ்ஸில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன்டி ஒட்டல?" நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி, சொல்லத் தோணும்போது சொல்லு" என்றார். பிறகு கேட்கவே இல்லை. அந்த வாரம் கடைத்தெருவில் ஒருவர், "பொம்பள பாஸ் போட்ட லைட்டு பட்டாசு மாதிரி வெடிச்சிச்சாமே?" என்று கத்தினார். வயர் வேலை தெரிந்தவரை இங்கே பாஸ் என்போம். "தீபாவளிக்குச் சொல்லுங்க அண்ணே, ஒரு டசின் தர்றேன்" என்று அக்கா சிரித்தார். அவர் பக்கத்தில் நின்ற நான் டியூப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். சோம்பலில் ஒட்டாமல் விட்டேன் என்றுதான் அவர் கடைசிவரை நினைத்திருப்பார். அவரோடு வந்தவள் என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான் விட்டேன் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமல் போனதே நல்லது என்று சில நேரம் தோன்றும். அப்படித் தோன்றுவதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இறுதிச் சடங்கு முடிந்த அடுத்த வாரம் அதிபரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அவங்க ஏன் அன்னைக்கு உன்னக் காட்டிக் குடுக்கல?" என்று கேட்டார். நான் பையிலிருந்த நான்கு லேபல்களையும் எடுத்து அவர் மேசையில் வைத்தேன். காவலாளி மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டார். கட்டைவிரலில் தழும்பு இருந்தது. "இந்தத் தடவையாச்சும் ஒட்டுவியா புள்ள?" என்றார். "ஒட்டுவேன் மாமா."

தர்ஷினியின் வகுப்பு பரீட்சை எழுதிவிட்டுப் போய்விட்டது. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சின்னவர்கள், என்னைத் தெரியாதவர்கள். ஆகவே இதை ஒரு பெரிய தைரியமாக எண்ண வேண்டாம். அன்று பைக்குள் வைத்த அதே பழைய லேபல்களைத்தான் ஒட்டினேன். அக்காவின் பெயருக்குக் கீழே என் பெயரை மட்டும் புதிதாக எழுதியிருந்தேன். முன் பெஞ்சில் இருந்த ஒரு பிள்ளை தலையை நிமிர்த்தி உரக்கப் படித்தது: "வயர், புஷ்பராணி. எழுத்து, யோகேஸ்வரி." பிறகு கேட்டது: "இதுல நீங்க யாரு அக்கா?"

"கீழ இருக்கிறது."

"அப்ப மேல இருக்கிறது?"

"அவங்ககூடத்தான் நான் வேலைக்கு வந்தேன்" என்றேன்.

லேபல் எழுத அக்கா வாங்கித் தந்த கறுப்புப் பேனா என்னிடம் இருக்கிறது. அதோடு இந்தப் பதிலையும் வைத்துக்கொள்கிறேன். தர்ஷினி கேட்ட அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதில்.