விடாத கை

சியாமளாவின் புருஷன் சுந்தரராமன் 1997 ஜூலையில், நல்ல மழைநாளில், வண்டி உதிரிபாகப் பட்டறையில் வேலை பார்க்கும்போது விழுந்து செத்தான். வயது முப்பத்திரண்டு. "மாரடைப்பு" என்றார் முதலாளி மோகாஷி. கூட வேலை பார்த்த சுப்பையாவும் தாபோடியில் அவள் வீட்டு வாசலில் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா தங்கச்சி, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாரு" என்றான்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரம்மா அவளைத் தனியே கூப்பிட்டு ஹிந்தியில் சொன்னார்: "உள்ளங்கையில் பயறளவு வெளிறிய குழி இருக்கிறது. கரண்ட் உள்ளே போன இடம் அது."

"அப்படின்னா கையை உதறியிருக்கலாமே?"

"முடியாதும்மா. கொஞ்சம் கரண்ட் ஏறினாலே தசை இறுகிவிடும். விட நினைத்தாலும் விரல் விரியாது. கை ஈரம், தரை ஈரம். நெஞ்சு வழியாகக் காலுக்கு இறங்கியிருக்கிறது. இதயம் துடிக்க முடியாமல் வெறுமனே நடுங்கும். யாராவது உடனே மெயினை அணைத்து நெஞ்சை அழுத்தியிருந்தால் பிழைத்திருக்கலாம்."

ரிப்போர்ட் வந்ததும் மோகாஷி பேச்சை மாற்றினார். மெஷினில் கோளாறில்லை, ஈரக்கையோடு டிரில்லைத் தொட்டது அவன் தப்பு. அதற்கும் சுப்பையா சாட்சிக் கையெழுத்துப் போட்டான். போலீஸ்காரர்கள் கேஸை மூடிவிட்டார்கள்.

ஒருநாள் சியாமளா மோகாஷியின் பங்களா எதிரே கையில் கல்லோடு ஒரு மணி நேரம் நின்றாள். எறியவில்லை. ஒரு கண்ணாடி உடைந்தால் அவருக்கு என்ன வலிக்கும் என்று தோன்றிவிட்டது.

அடுத்த வருஷம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பில் சேர்ந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லாவிட்டால், கண்ணிமைப்பதற்குள் சப்ளையைத் துண்டிக்கும் சின்னப் பெட்டியை வாத்தியார் காட்டினார். இ.எல்.சி.பி. என்றார். அன்று சாயங்காலமே சுப்பையா வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, பட்டறையில அந்தப் பெட்டி இருந்துச்சா?"

சுப்பையா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "இருந்துச்சு. மழைக்காலத்துல அடிக்கடி டிரிப் ஆகி வேலை நிக்குதுன்னு மோகாஷி சேட் கரண்ட் அது வழியாப் போகாம அதைத் தாண்டி ஒயர் போடச் சொன்னாரு. டிரில்லோட எர்த் ஒயரையும் வெட்டிட்டாங்க."

"கோர்ட்ல சொல்வீங்களா?"

"எனக்கு மூணு பொண்ணுங்க, தங்கச்சி."

அவள் அவனை அன்று மன்னிக்கவில்லை.

படிப்பு முடிந்தது. லைசென்ஸ் வாங்கினாள். சாகண் என்ற ஊரில் ஒரு வண்டிக் கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் வேலை கிடைத்தது. உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகளைச் சோதித்து ரிப்போர்ட் எழுத வேண்டும். எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் பெயர்ப்பலகையைப் படிப்பாள். 2004 ஆகஸ்டில் அவள் தேடிய மோகாஷியின் பெயர் சோதனைப் பட்டியலிலேயே வந்தது. அரசாங்க மின் இன்ஸ்பெக்டர் ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு போனாள்.

மோகாஷிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. பேனலைத் திறந்தாள். இ.எல்.சி.பி. இருந்தது; அதைச் சுற்றிக்கொண்டு இரண்டு ஒயர்கள் நேராக ஓடின. தரையில் மழைத்தண்ணீர். ஒரு டிரில்லின் உடம்பில் டெஸ்டரை வைத்தாள். விளக்கு எரிந்தது.

"எல்லாம் ஓகேதானே, மேடம்?" என்றார் மோகாஷி.

"ஓகேதான், சேட். நீங்களே செருப்பைக் கழற்றிவிட்டு இந்த டிரில்லைக் கையில் எடுங்கள். உடனே கையெழுத்துப் போடுகிறேன்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். மோகாஷி ஒரு அடி பின்னால் போனார்.

"எதுக்கு? எனக்கென்ன பைத்தியமா?"

"சுந்தரராமன் கையில் கொடுத்தீர்களே."

அவர் முகம் வெளுத்ததை அவள் நிதானமாக, ஆசை தீரப் பார்த்தாள். அவள் கை மெயின் சுவிட்சின் மேல்தான் இருந்தது. அவர் வீம்புக்கு டிரில்லை எடுத்திருந்தால் சுவிட்சை அணைத்து அவரைக் காப்பாற்றியிருப்பாளா? பிற்பாடு நான்கைந்து பேர் கேட்டார்கள். அடுத்த பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவாள்.

அப்போது கூட்டத்திலிருந்து, தலை முழுக்க நரைத்துப்போன சுப்பையா முன்னால் வந்தான். "சாஹேப், எழுதிக்குங்க" என்று இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னான். வெட்டின ஒயர், தாண்டிப் போட்ட ஒயர், தான் பொய்யாகப் போட்ட கையெழுத்து. சொல்லிவிட்டுச் சியாமளாவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் அன்றே சப்ளையைத் துண்டித்தார். அவள் ரிப்போர்ட்டால் வண்டிக் கம்பெனியும் மோகாஷியிடம் வாங்குவதை நிறுத்தியது. சுப்பையாவின் வாக்குமூலத்தால் பழைய கேஸ் மறுபடி திறந்தது. நான்கு வருஷம் வாய்தா மேல் வாய்தா. ஒன்றுக்கும் அவள் தவறவில்லை. மோகாஷியின் வக்கீல் ஒருமுறை, "மனுஷர் கூனிப்போயிட்டார், இன்னும் என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

"தீர்ப்பு" என்றாள்.

2008-இல் ஆறு மாத ஜெயில் என்று ஜட்ஜ் வாசித்தார். மோகாஷி அப்பீல் போனார். சியாமளா அடுத்த தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டு, ஆபீஸில் அந்தத் தேதிக்கு இப்போதே லீவு சொல்லிவிட்டாள்.